சும்மா இருக்கப் போன கடற்கரை

என் சகலைக்கு ஓய்வு தேவைப்பட்டது. சகலை என்றால் என் வீட்டுக்காரியின் தங்கை புருஷன். மெட்ராசில் ஒரு கம்பெனியில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்கள் எழுதிக் கொண்டுவரும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். அந்தக் களைப்பு ஆற வருஷத்தில் நாலு நாள் கடல் காற்று வாங்க வேண்டும் என்று மேலதிகாரி ஒருவர் சொல்லிவிட்டாராம். நேரில் நான் அவனை "வாங்க தம்பி, உட்காருங்க தம்பி" என்றுதான் சொல்வேன். எழுதும்போது அவ்வளவு மரியாதை எதற்கு. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தேன். அவன் நின்றபடியே திட்டத்தைச் சொன்னான். மகாபலிபுரத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை. இரண்டு குடும்பமும் சேர்ந்து நாலு நாள். அடுப்பு மூட்டக்கூடாது. விடியற்காலையில் எழுந்திருக்கக்கூடாது. வழியில் கோயில் குளம் என்று இறங்கக்கூடாது.

"அங்க போயி இன்னா செய்யறது தம்பி?" என்றேன்.

"ஒண்ணுமே செய்யக்கூடாது அண்ணா. அதான் பிளானே."

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பிளான் போடுகிறவனை நான் அன்றுதான் பார்த்தேன். மணலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது ஒரு வேலையா? கடல் எங்கேயாவது ஓடிப்போகப் போகிறதா, காவல் காக்க? வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இப்போது அப்படித்தான் இருக்கிறார்கள் என்றான். ஊரில் மழையும் பனியுமாகக் கிடந்தவன் வெயிலைக் கண்டால் படுப்பான். சித்திரை வெயிலில் மண்டை காய்கிற நமக்கு என்ன வந்தது?

எங்களுக்கும் ஓய்வு உண்டு. மாசத்தில் அமாவாசை அன்று எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டோம். தலைக்குக் குளித்து, முன்னோருக்குப் படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டு, சாயங்காலம் வரதரைச் சேவித்துவிட்டு வருவோம். அது சாமி போட்டுக் கொடுத்த லீவு. எந்த மேலதிகாரியிடமும் கேட்டு வாங்கியது இல்லை.

இதையெல்லாம் சொல்லி அவனை வந்த வழியே அனுப்பியிருப்பேன். ஆனால் பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, மகாபலிபுரம் என்ற பேரைக் கேட்டதும் ராட்டையை நிறுத்திவிட்டாள். அவன் போகிறவரைக்கும் அது திரும்பச் சுற்றவில்லை.

அவன் போன பிறகு சொன்னாள்.

"எங்கம்மா அங்கதான் இருக்குது. தங்கச்சிய ஒரு தடவை கூட்டிக்கினு போயி காட்டணும்."

அவள் அம்மா இறந்தபோது தங்கை தூளியில் கிடந்த குழந்தை. இவளுக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் அஸ்திக் கலயத்தை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போய்க் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். பொம்பளைப் பிள்ளைகளை அதற்கெல்லாம் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. வாசலில் நின்று கலயம் போவதை இவள் பார்த்தாள், அவ்வளவுதான். அன்று தங்கையை இடுப்பில் தூக்கியவள், அவளுக்குத் தாலி ஏறுகிற நாளில்தான் இறக்கிவிட்டாள். அம்மாவுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. தங்கைக்கு அம்மா முகம் தெரியாது. அம்மாவுக்கும் தங்கை வளர்ந்த முகம் தெரியாது.

போகவேண்டுமென்றால் நாற்பது மைல்தான். ஆனால் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எங்கள் தெருவில் ஒருத்தி சும்மா கிளம்பினால் மறுநாள் குழாயடியில் அவள் கதைதான் ஓடும். தங்கையும் கல்யாணத்துக்குப் பிறகு மெட்ராசுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரையும் ஒன்றாகக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு கிறுக்குத் திட்டம் தேவைப்பட்டது. கிறுக்கனும் கிடைத்துவிட்டான். சரி என்றேன்.

சரி என்று சொன்ன பிறகுதான் கூத்து. முதலில் அவன் குறித்த நாள் எங்கள் பிரம்மோற்சவத்துக்கு நடுவில் வந்தது. வைகாசியில் வரதர் கருடன்மேல் வருவதைப் பார்க்க எங்கெங்கேயிருந்தோ ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் இடம் கிடைக்காமல் கால் மாற்றி நிற்பார்கள். அந்த நாளில் ஊரை விட்டுப் போய் உப்புக் காற்று வாங்கலாம் என்கிறான். கூட்டம் தொல்லை இல்லாமல் இருக்குமே அண்ணா என்று வேறு சொன்னான். பெருமாள் வாசல் தேடி வருகிற நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவனுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். அவன் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

அடுத்தது ஒரு சனிக்கிழமை கிளம்பலாம் என்றான். சனி கிழக்கே சூலம், கடல் இருப்பதோ கிழக்கே. அதுவும் போயிற்று. மூன்றாவதாக ஒரு நாள். அது பஞ்சமியோ சஷ்டியோ, ஒன்றுக்கும் உதவாத நாள். அரசமரத்தைச் சனிக்கிழமை மட்டும்தான் தொடலாம், கடலை அமாவாசை பௌர்ணமி மாதிரிப் பருவ நாளில் மட்டும்தான் தொடலாம், மற்ற நாளில் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பது என் அப்பா சொல்லி வைத்தது. கோயில் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், எனக்குத் தெரிந்த சாஸ்திரம் நாலைந்துதான். அந்த நாலைந்தையும் விடுவதாக இல்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறவள் காலை நனைக்காமல் திரும்புவதா? ஆகவே அமாவாசைதான் என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடலுக்குக்கூட லீவு நாள் இருக்குதா அண்ணா?"

"உங்களுக்கே இருக்கச்சொல்ல அதுக்கு இருக்கக்கூடாதா தம்பி" என்றேன்.

சித்திரை அமாவாசை என்று முடிவாயிற்று. தேதியை நான் பார்த்துச் சொல்கிறேன் என்பதற்குள், மெட்ராசில் தன் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினக் காலண்டரில் கறுப்பு வட்டம் போட்டிருந்த தேதியைப் பார்த்து லாட்ஜுக்குப் பணமும் கட்டிவிட்டு, ஆபீசில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் பஞ்சாங்கத்தைப் பிரித்தால், அந்தத் தேதியில் பகல் முக்கால்வாசி சதுர்த்தசி. வெயில் சாய்கிற நேரத்தில்தான் அமாவாசை பிறக்கிறது. படையலும் தறி லீவும் மறுநாள். காலண்டர் அச்சடிக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் ஒரு வட்டம் போட்டால் வேலை முடிந்தது. திதி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதெல்லாம் அவனுக்கு எதற்கு? அவனை நம்பி நாள் குறிக்கிறவனுக்கும் எதற்கு?

தேதியை மாற்ற முடியாது, லீவு போய்விடும் என்று சகலை சொல்லியனுப்பினான். மறுநாள் உச்சிவேளைக்கு என் தாய் தகப்பனுக்கு வீட்டில் இலை போட்டாகவேண்டும். அதற்கு என் வீட்டுக்காரி விடியும்போது வீட்டில் இருக்கவேண்டும். ஆகவே அங்கே இரவு தங்க முடியாது, கடைசி பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். அமாவாசை பிறப்பதற்கும் பஸ் புறப்படுவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் அவளுக்கு. போவதா வேண்டாமா என்று கேட்டேன். அவள் புளி கரைக்க உட்கார்ந்துவிட்டாள், வழிக்குப் புளிச்சோறு கட்ட. அடுப்பு மூட்டக்கூடாது என்ற சட்டம் மெட்ராசோடு சரி.

பிள்ளைகளை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றத்தில் வண்டிக்குள்ளிருந்தே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேராகக் கடற்கரைக்குப் போய் இறங்கினோம். சகலையும் அவன் சம்சாரமும் முந்தின நாளே வந்துவிட்டிருந்தார்கள்.

ஓய்வு எடுக்க வந்தவனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. லாட்ஜ் கட்டிலில் மூட்டைப்பூச்சி. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காப்பி வாயில் வைக்க வழியில்லை. பேப்பர் பதினோரு மணிக்குத்தான் வருகிறது. டிரான்சிஸ்டர் கடல் இரைச்சலில் கேட்கவில்லை, சத்தத்தை ஏற்றினால் பேட்டரி இறங்குகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக அந்த மனுஷன் பட்ட பாடு ஒரு சேலை நெய்கிற பாட்டுக்குமேல் இருக்கும். பக்கத்தில் தலைமுடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டு பேர் கோவணத்துக்குச் சமமான ஒன்றைக் கட்டிக்கொண்டு மணலில் கிடந்தார்கள். அவர்களைக் காட்டி, எவ்வளவு ரிலாக்ஸா இருக்கானுங்க பாருங்க அண்ணா என்றான். குளித்து நாலு நாள் ஆனவன் எங்கே கிடந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

இவன் சம்சாரம் அதற்குமேல். என் கொழுந்தியாள், நல்ல பிள்ளைதான், அக்கா வளர்த்த பிள்ளை. அன்று கடற்கரைக்குத் தன் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, முந்தி நிறைய ஜரிகை. அவள் கல்யாணத்துக்கு நான் நெய்து கொடுத்தது. உப்புக் காற்று பட்டாலே ஜரிகை கறுக்கும். மணலில் பட்டுப்புடவையை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். மெட்ராசுக்குப் போய் நாலு வருஷத்தில் பவிசு வந்துவிட்டது, மீன்காரர்கள் பார்த்து மெச்சப்போகிறார்கள் என்று என் வயிறு எரிந்தது. "பட்டு எதுக்கும்மா வெயில்ல?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கட்டும் மாமா" என்றாள்.

நாங்கள் போனபோது அமாவாசை பிறக்கப் பாதிப் பகல் பாக்கி. என் வீட்டுக்காரி கடலைப் பார்த்தாள். நின்று பார்த்தாள். நான் தண்ணீரில் கால் வைக்காதே என்று ஞாபகப்படுத்தினேன். அவள் தலையாட்டிவிட்டு, அலை வந்து எட்டாத இடமாகப் பார்த்து, பழைய கோயில் மதிலின் நிழல் விழுகிற பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். சகலை கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், எழுந்தான், மணலைத் தட்டினான், மறுபடி உட்கார்ந்தான்.

கஷ்டகாலம், எங்களில் கடிகாரம் கட்டியிருந்தவன் அவன் ஒருவன்தான். சாஸ்திரம் என்னிடம் இருந்தது, நேரம் அவன் கையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் "மணி என்ன தம்பி" என்று நான் கேட்கவேண்டும், அவன் சட்டைக் கையை மெதுவாக ஏற்றி, பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி சொல்லவேண்டும். புளிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, "ஆயிடுச்சு அண்ணா, உங்க அமாவாசை வந்துடுச்சு, எறங்கச் சொல்லுங்க" என்றான். நான் மதில் நிழலைப் பார்த்தேன். நிழல் இன்னும் அவர்கள் மடியைக்கூடத் தாண்டவில்லை. மாமியார் விஷயத்தில் பொய் சொல்கிற அவசரம் என்னவென்று பார்த்தால், ஐயாவுக்குத் தூக்கம் வந்துவிட்டதாம். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் நான் ரூமுக்குப் போறேன் என்று கடிகாரத்தோடு போய்விட்டான். பூச்சி கடித்தால் கடிக்கட்டும்.

இனி நேரம் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே சாயங்காலம் நடை திறக்கும்போது அமாவாசை நிச்சயமாகப் பிறந்திருக்கும். கொஞ்சம் தாமதமானாலும் சந்தேகம் இல்லாத நேரம். நடை திறப்பதைப் பார்த்துவிட்டு வருகிறேன், நான் வரும்வரை இறங்கவேண்டாம் என்று அக்காள் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

நடை சாத்தியிருந்தது. வாசலில் நின்றேன். உள்ளே இருக்கிற பெருமாள் பாம்பணை கூட இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருக்கிறார் என்பது அப்போது ஞாபகம் வந்தது. ஓய்வு என்றால் அது. உலகத்தையே சுமக்கிறவர், மெத்தை கேட்கவில்லை, காப்பி கேட்கவில்லை. நடை திறந்ததும் சேவித்து, தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினேன். பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை.

தூரத்திலிருந்தே அவர்களைப் பார்த்தேன். நான் விட்டுப்போன இடத்தில் அப்படியே இருந்தார்கள். நிழல் அவர்களைத் தாண்டி நீண்டு மணலில் கிடந்தது. தங்கை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். அக்கா கை இரண்டையும் மடியில் போட்டிருந்தாள். அந்தக் கையை வெறுங்கையாக நான் பார்த்தது கிடையாது. நூலோ, அரிசியோ, பிள்ளையோ ஏதாவது அதில் இருக்கும். யாரும் பிளான் போட்டுத் தராமல், லீவு எழுதிக் கொடுக்காமல், அவள் பாட்டுக்கு ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்துடுச்சு" என்றேன்.

இரண்டு பேரும் எழுந்தார்கள். தங்கை முந்தானையைச் சரியாகப் போட்டு, கொசுவத்தை நீவி விட்டு, தலையைத் தடவிக்கொண்டாள். கல்யாண மேடைக்குப் போகிறவள் மாதிரி. புடவையை மாற்றிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்து நேராகத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். முழங்கால் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும். அலை ஒன்று வந்து இரண்டு பேரையும் தள்ளியது. நான் துளசியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன்.

என் வீட்டுக்காரி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். எண்ணெய்க் குளியலுக்குப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்வார்களே, அந்த மாதிரி, "கண்ண மூடு" என்றாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தலையில் ஊற்றினாள். இன்னொரு கை ஊற்றினாள். அப்புறம் அவள் மோவாயைப் பிடித்து முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிச் சொன்னாள்.

"இவதாம்மா. நல்லா பாத்துக்க."

அவ்வளவுதான். அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. தங்கை கண்ணைத் திறக்காமல் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். எதற்காகப் பட்டுக் கட்டி வந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணக் கோலத்தில் பார்க்காத அம்மா, இப்போது பார்க்கட்டும் என்று கட்டி வந்திருக்கிறாள்.

நானும் இறங்கி முழுக்குப் போட்டேன். துளசியை விட்டேன். கரை ஏறும்போது சகலை வந்துகொண்டிருந்தான், ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைக் கோடும் கழுத்தில் பூச்சிக்கடியுமாக. சம்சாரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா அண்ணா இது? கூறைப்பொடவ, உப்புத்தண்ணில போச்சே. சொல்லக்கூடாதா நீங்க? நெசவாளிக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தச் சிவப்பு இனி திட்டுத் திட்டாக வெளுக்கும். ஜரிகை இரண்டு மாசத்தில் கறுத்துப்போகும். கரையையும் உடலையும் இணைத்து ஒவ்வொரு இழையாகக் கோத்தவன் நான், எனக்குத் தெரியாததை இவன் சொல்கிறான்.

"போவட்டும் தம்பி, நான் வேற பொடவ நெய்ஞ்சி தரேன்" என்றேன். "அதக் கட்டின வேல முடிஞ்சிடுச்சு."

என்ன வேலை என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. காலண்டரில் வட்டம் போட்டிருந்தால் போதும் அவனுக்கு. இந்த வருஷம் சரியாக ரெஸ்ட் அமையவில்லை, அடுத்த வருஷம் கொடைக்கானல் போகலாம், அங்கே மூட்டைப்பூச்சி இருக்காது என்றான். போகட்டும். அங்கேயும் பேப்பர் தாமதமாகத்தான் வரும்.

கடைசி பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. என் வீட்டுக்காரி ஈரத் தலையை ஜன்னல் பக்கம் வைத்து உட்கார்ந்தாள். செங்கல்பட்டில் பஸ் மாற இறங்கும்போது, புடவைத் தலைப்பிலிருந்து மணலை உதறப்போனவள் கொஞ்சம் யோசித்து, உதறாமல் அப்படியே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காலையில வாழக்கா இருக்குதா வூட்ல, படையலுக்கு?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.